ஆயிரம் கிலோவாட் எஞ்சின் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் 300 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். பகலில் சராசரியாக 650 கிலோவாட், இரவில் 350 கிலோவாட் லோடு ஓடுகிறது. ஏ.சி.க்கு 300 டன் சில்லர் பிளான்ட். லாண்டரி, ஆட்டோகிளேவ், கிச்சன், வார்டு வெந்நீர் எல்லாவற்றுக்கும் ஒரே டீசல் பாய்லர்தான். தினம் 250 லிட்டர் டீசல் குடிக்கிறது. வெந்நீர் மட்டும் நாளைக்கு 20,000 லிட்டர் வேண்டும்.

இப்போது எங்கள் சாலைக்கு எரிவாயுக் குழாய் வந்துவிட்டது. ஒரு கம்பெனிக்காரர், 1,000 கிலோவாட் கேஸ் எஞ்சினும் அதன் சூட்டில் ஓடும் வேம் சில்லரும் போடச் சொல்கிறார். கரண்ட், வெந்நீர், ஏ.சி. மூன்றும் ஒரே எரிபொருளில் கிடைக்குமாம். 85 சதவீதத் திறனாம். போடும் ஆறு கோடியும் இரண்டே வருடத்தில் திரும்பி வருமாம். தில்லியில் ஓடுகிறது, குருகிராமில் ஓடுகிறது என்று படங்களும் காட்டினார். எங்கள் எம்.டி. கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். என்ன சொல்லட்டும்?

பதில்: இந்த அளவில், இன்றைய விலையில், வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறுமனே வேண்டாம் என்றால் எம்.டி. ஏற்கமாட்டார் என்பதால் கணக்கையும் தருகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் கம்பெனிக்காரர் கொண்டுவந்த தொழில்நுட்பம் ஏமாற்று வேலை இல்லை. மேட்டூரிலோ வடசென்னையிலோ இருக்கும் ஓர் அனல் மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 பங்கு நிலக்கரியை எரித்தால் 35 பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாக வெளியே வருகிறது. மிச்சம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்புக் கோபுரம் வழியாகவும் வானத்துக்குப் போகிறது. கம்பியில் வரும் வழியில் இன்னும் கொஞ்சம் இழப்பு. மின்நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அந்த வெப்பத்தைக் கொண்டுவந்து குளிக்க முடியாது. சிறிய எஞ்சினாகக் கட்டடத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டால், வீணாகும் வெப்பத்தைக் குழாய் போட்டு எடுத்துக்கொள்ளலாம். இதை நம் ஊரில் கோஜென் என்கிறோம். பத்திரிகைகள் இணை மின் உற்பத்தி என்கின்றன. அதோடு குளிரும் சேர்ந்தால் ட்ரைஜென். யோசனை பழையது. 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்த எடிசன், அங்கே மிஞ்சிய நீராவியைப் பக்கத்துக் கட்டடங்களுக்கு விற்றார்.

எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். குழாயில் வரும் எரிவாயு ஒரு கனமீட்டர் எரிந்தால் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம். (வெப்பத்தையும் கரண்ட் மாதிரியே யூனிட்டில் சொல்கிறேன், அப்போதுதான் ஒப்பிட வசதி.) நல்ல எஞ்சினாக இருந்தால் அதில் 4 யூனிட் கரண்ட் ஆகிறது. இன்னொரு 4 யூனிட்டை நாம் பிடிக்கலாம். அதில் பாதி எஞ்சினைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் தண்ணீரில், 90 டிகிரி அளவில் இருக்கும். மறுபாதி புகையில், 400 டிகிரிக்கு மேல் இருக்கும். மிச்ச 2 யூனிட் எப்படியும் போகும். 85 சதவீதம் என்று அவர் சொன்னதும் இதற்குப் பக்கத்து எண்தான். ஆனால் அது எஞ்சினுக்கு உள்ள எண். உங்கள் மருத்துவமனைக்கு உள்ள எண் வேறு.

உங்கள் எண்ணைப் பார்ப்போம். பகலும் இரவும் சேர்த்துச் சராசரி லோடு 500 கிலோவாட். அதாவது நாளைக்கு 12,000 யூனிட் கரண்ட். இதை முழுக்க எஞ்சினில் எடுத்தால், கூடவே 12,000 யூனிட் வெப்பமும் வந்து நிற்கும். உங்களுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? அதை டீசலே சொல்கிறது. லிட்டருக்கு 10 யூனிட், பாய்லர் திறன் 80 சதவீதம், 250 லிட்டர்: ஆக 2,000 யூனிட். வந்ததோ பன்னிரண்டாயிரம், செலவழிக்கத் தெரிந்ததோ இரண்டாயிரம். எரித்த 30,000 யூனிட் எரிவாயுவில் பயன்பட்டது 14,000. உங்கள் இடத்தில் 85 சதவீத எஞ்சின் 47 சதவீத எஞ்சின் ஆகிவிட்டது.

அந்த 2,000 யூனிட்டையும் முழுதாக எடுக்க முடியுமா என்பது அடுத்த சந்தேகம். லாண்டரியும் ஆட்டோகிளேவும் கேட்பது ஸ்டீம். ஏழு கிலோ அழுத்தத்தில் 170 டிகிரி. ஜாக்கெட் தண்ணீர் 90 டிகிரியோடு நின்றுவிடும். அதைக் கொண்டு எத்தனை நாள் முயன்றாலும் அந்த ஸ்டீம் வராது. புகையிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு வேறு பாய்லர். ஆகவே உங்கள் இடத்தில் எஞ்சினின் 90 டிகிரி வெப்பத்துக்கு இருக்கும் ஒரே நிஜமான வேலை வார்டு வெந்நீர். 20,000 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக நாளைக்கு 770 யூனிட் போதும்.

“மிச்ச வெப்பம் வேம் சில்லருக்குப் போகும், ஐயா” என்று கம்பெனிக்காரர் சொல்வார். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வேம் சில்லரில் கம்ப்ரஸர் கிடையாது. லித்தியம் புரோமைடு உப்புக் கரைசல் நீராவியை உறிஞ்சும். வெப்பம் கொடுத்தால் அதைக் கக்கும். இந்த உறிஞ்சலையும் கக்கலையும் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கிறது. பம்ப்புக்குக் கொஞ்சம் கரண்ட், மற்றபடி வெப்பம்தான் தீனி. அருமையான இயந்திரம். ஆனால் 90 டிகிரித் தண்ணீரில் ஓடும் வேம், ஒரு யூனிட் வெப்பத்தைத் தின்று 0.7 யூனிட் குளிர்தான் கொடுக்கும். புகைச் சூட்டில் ஓடும் இரட்டை நிலை வேம் 1.2, 1.3 வரை போகும். அது உங்கள் வெப்பத்தில் பாதிக்குத்தான் பொருந்தும். உங்களிடம் இருக்கும் தண்ணீர்-குளிர்விப்புக் கரண்ட் சில்லர் ஒரு டன்னுக்கு 0.7 கிலோவாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் குளிர். ஆக, அது ஒரு யூனிட் கரண்ட்டில் 5 யூனிட் குளிரைத் தருகிறது.

இப்போது கழித்துப் பாருங்கள். வெந்நீர், ஸ்டீம் போக மிஞ்சும் 10,000 யூனிட் வெப்பத்தை வேமுக்குக் கொடுத்தால் 7,000 யூனிட் குளிர். அதே குளிரைப் பழைய சில்லரில் எடுக்க 1,400 யூனிட் கரண்ட் போதும். பத்தாயிரத்தைக் கொடுத்து ஆயிரத்து நானூறை மிச்சம் பிடிக்கிறீர்கள். பாதியை இரட்டை நிலை வேமுக்கு மாற்றினாலும் இரண்டாயிரத்தைத் தாண்டாது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏ.சி. லோடு வேமுக்குப் போனதும் உங்கள் கரண்ட் தேவை குறைகிறது. ஏற்கெனவே பெரிதாக இருந்த எஞ்சின் இன்னும் பெரிதாகிவிடுகிறது. இரவில் 350 கிலோவாட்டே இல்லாமல் போகும். இப்படிப்பட்ட எஞ்சினைப் பாதி லோடுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. திறனும் விழும், பராமரிப்பும் ஏறும். அப்போது இரவில் நிறுத்திவிட்டு மின்வாரியத்தின் ஈ.பி. கரண்ட்டில்தான் ஓட வேண்டும். வேமுக்குப் போகும் கூலிங் டவரும் பெரிதாக வேண்டும், ஏனென்றால் குளிரோடு தீனி வெப்பத்தையும் சேர்த்து அதுதான் வெளியேற்ற வேண்டும். தண்ணீர்ச் செலவு கூடும். சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

ரூபாய்க்கு வருவோம். விலைகளை உதாரணத்துக்கு வைக்கிறேன். உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். எரிவாயு கனமீட்டர் 60 ரூபாய், ஈ.பி. கரண்ட் யூனிட் 9 ரூபாய், டீசல் 92 ரூபாய். எஞ்சின் பராமரிப்பு யூனிட்டுக்கு ஒன்றேகால் ரூபாய்.

ஒரு கனமீட்டர் எரித்தால் செலவு, பராமரிப்பையும் சேர்த்து, 65 ரூபாய். அதில் வரும் 4 யூனிட் கரண்ட்டின் மதிப்பு 36 ரூபாய். பாக்கி 29 ரூபாயை அந்த 4 யூனிட் வெப்பம் சம்பாதித்துத் தர வேண்டும். தருமா? அது எதற்குப் பதிலாக வருகிறது என்பதைப் பொறுத்தது.

டீசல் பாய்லருக்குப் பதிலாக என்றால் தரும். டீசலில் ஒரு யூனிட் வெப்பம் பதினொன்றரை ரூபாய் ஆகிறது; 4 யூனிட்டுக்கு 46. கனமீட்டருக்கு 17 ரூபாய் லாபம். கம்பெனிக்காரரின் தாள் முழுக்க இந்த ஒப்பீடுதான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எஞ்சின் 24 மணி நேரமும் முழு லோடில் ஓடுகிறது, வெப்பம் முழுவதும் டீசலை மிச்சப்படுத்துகிறது என்று எழுதினால் நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் லாபம் காட்டலாம். ஆறு கோடி இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். தாளில்.

ஆனால் எரிவாயுக் குழாய் வாசலுக்கு வந்த பிறகு டீசல் பாய்லரோடு எதற்காக ஒப்பிட வேண்டும்? பர்னரை மாற்றி அதே பாய்லரை எரிவாயுவில் ஓட்டினால் ஒரு யூனிட் வெப்பம் ஏழரை ரூபாய்க்கு வருகிறது. அந்த விலையில் 4 யூனிட்டின் மதிப்பு 30. எஞ்சின் போட்டும் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு ரூபாய். போட்ட ஆறு கோடிக்கு வட்டி தனி. வெந்நீருக்கு ஹீட் பம்ப் போட்டால் ஒரு யூனிட் கரண்ட்டில் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும், அதாவது யூனிட் 3 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் எஞ்சின் வெப்பத்தின் மதிப்பு 12 ரூபாய். கனமீட்டருக்கு 17 ரூபாய் நஷ்டம். வேமில் போட்டாலோ, 4 யூனிட் வெப்பம் மிச்சப்படுத்தும் கரண்ட் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, 5 ரூபாய். நஷ்டம் 24.

ஒரு நாளுக்குப் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். இன்றைக்கு உங்கள் செலவு கரண்ட் 1,08,000, டீசல் 23,000, மொத்தம் 1,31,000 ரூபாய். எஞ்சினும் வேமும் வந்தால் எரிவாயுவும் பராமரிப்பும் சேர்ந்து 1,70,000 ரூபாயைத் தொடும். கூடவே எஞ்சின் நின்றால் வேண்டுமே என்று ஈ.பி. இணைப்பையும் விடமாட்டீர்கள். டிமாண்ட் சார்ஜும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆறு கோடியை முதலீடு செய்து தினம் நாற்பதாயிரம் இழக்கும் திட்டம் இது. இந்த ஒரு வரியை எம்.டி.யிடம் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

சுற்றுச்சூழல் பக்கத்தையும் அவர் கேட்கலாம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட் கரண்ட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கனமீட்டர் எரிவாயு எரிந்தால் 2 கிலோ. 4 யூனிட் கரண்ட் 2.8 கிலோவைத் தவிர்க்கிறது. வெப்பம் முழுதும் பயன்பட்டால் இன்னொரு கிலோவும் குறையும். வெப்பம் வீணானால் லாபம் 0.8 கிலோதான். எரியாமல் புகையோடு தப்பும் மீத்தேன் அதையும் அரித்துவிடும். கார்பனைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், பல்லடம் பக்கம் போனால் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கிறது. கோவை மில்காரர்கள் பல ஆண்டுகளாக அதில்தான் கரண்ட் எடுக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் வெளிநாடுகளில் இதை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறார்கள்? நம் சர்க்கரை ஆலைகளில்கூட ஓடுகிறதே? தில்லியில் அரசு மருத்துவமனையிலேயே போட்டிருக்கிறார்களே?

பதில்: போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் உண்டு.

டென்மார்க்கில் 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது வீடுகளைச் சூடாக்குவதே பெரும் செலவாக இருந்தது. 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்து, மின்நிலைய வெப்பத்தை ஊர் முழுக்கக் குழாயில் கொண்டுபோனார்கள். இன்று அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகளுக்கு இப்படிக் குழாய் வழியாகத்தான் சூடு வருகிறது. அங்கே குளிர்காலம் அரை வருடம். வெப்பம் வீணாக வழியில்லை. ஜப்பானில் 2009இல் எனெ-ஃபார்ம் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு சிறிய எரிபொருள் மின்கலம் விற்கத் தொடங்கினார்கள். ஒரு கிலோவாட்டைத் தாண்டாத கரண்ட்; கூடவே ஒரு தொட்டி வெந்நீர். இரவு தொட்டி நிறைய வெந்நீரில் அமர்ந்து குளிக்கும் பழக்கம் உள்ள நாடு அது. எவ்வளவு வெந்நீர் வேண்டும் என்று பார்த்து, அந்த அளவுக்குத்தான் இயந்திரத்தைச் சின்னதாக்கினார்கள். இதை நன்றாகக் கவனியுங்கள்: வெப்பத் தேவையை வைத்து அளவெடுத்தார்கள், கரண்ட் வந்தவரை லாபம். உங்கள் கம்பெனிக்காரர் செய்தது இதற்கு நேர் எதிர்.

இன்னொரு காரணம் விலை. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஒரு யூனிட் கரண்ட்டின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப் போல மூன்று, நான்கு மடங்கு. உங்களுக்கு 9 ரூபாயும் 6 ரூபாயும், ஒன்றரை மடங்கு. மலிவான எரிபொருளை விலையுயர்ந்த கரண்ட்டாக மாற்றுவதுதான் இந்த வியாபாரம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து விலை என்றால் மாற்றி என்ன பயன்? எரிவாயு 40 ரூபாய் அளவுக்கு இறங்கி, வெப்பமும் கடைசி யூனிட் வரை பயன்படும் இடமாக இருந்தால் கணக்கு மாறும். அப்போது நானே போடச் சொல்வேன். 24 மணி நேரமும் சூடான தண்ணீர் கேட்கும் சாயப்பட்டறை, பால் பண்ணை மாதிரி இடங்கள் அந்த வகை. மருத்துவமனை அந்த வகை என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய மருத்துவமனை அப்படித்தான். கட்டடத்தையே சூடாக்க வேண்டும் அங்கே. நம் மருத்துவமனை ஆண்டு முழுக்கக் கேட்பது குளிர்.

சர்க்கரை ஆலைக்கு வாருங்கள். ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை. அதில் பாதி ஈரம். ஆனாலும் பாய்லரில் நன்றாக எரியும். அதை விலை கொடுத்து வாங்கவில்லை. குவிந்தால் இடத்தை அடைக்கும். உயர் அழுத்த பாய்லரில் ஸ்டீம் எடுத்து டர்பைனைச் சுற்றுகிறார்கள். டர்பைனிலிருந்து அழுத்தம் குறைந்து வெளியே வரும் ஸ்டீம் அப்படியே கரும்புச் சாற்றைக் காய்ச்சப் போகிறது. டர்பைன் கழிக்கும் வெப்பமும் சாறு கேட்கும் வெப்பமும் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில், ஒரே வளாகத்தில். அரவைப் பருவத்தில் மிஞ்சும் கரண்ட்டை மின்தொகுப்புக்கு விற்கவும் செய்கிறார்கள். நம் மாநிலத்தில் இந்தத் தொழில்நுட்பம் முழுப் பலன் தரும் இடம் எதுவென்றால் இதுதான். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு போன்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கசடிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓட்டிக் கரண்ட் எடுக்கிறார்கள். அங்கேயும் எரிபொருளுக்குக் காசில்லை.

தில்லி எய்ம்ஸின் ஜெய்பிரகாஷ் நாராயண் அபெக்ஸ் ட்ராமா சென்டரில் போட்டது இந்திய-ஜெர்மன் ஒத்துழைப்பில் ஒரு முன்னோடித் திட்டம். தொழில்நுட்பத்தைச் செய்து காட்டுவதற்காக. குருகிராமின் சைபர் சிட்டி அலுவலகக் கட்டடங்களில் கேஸ் எஞ்சினும் வேமும் வந்த காலத்தில் அந்த ஊர் கரண்ட்டை நம்பி ஒரு கண்ணாடிக் கட்டடம் நடத்த முடியாது. மாற்று டீசல் ஜெனரேட்டர்தான்; லிட்டருக்கு நான்கு யூனிட்டைத் தாண்டாது. டீசலோடு போட்டி என்றால் எரிவாயு ஜெயிக்கும் என்று மேலே பார்த்தோமே, அதுதான் அங்கே நடந்தது. கோவையில் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை டி.ஜி. ஓடும். அதற்காக ஒரு மின்நிலையம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: புரிகிறது ஐயா. ஆனால் எரிபொருள் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மேலிடம் நெருக்குகிறது. ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் நன்றாக இருக்காது. எதில் தொடங்கலாம்?

பதில்: சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லாண்டரிக்குப் பின்பக்கம் போங்கள். அங்கே சாக்கடையிலிருந்து ஆவி எழுகிறதா? எழும். ஸ்டீம் தன் வேலையை முடித்துத் தண்ணீராகும்போது 90 டிகிரிக்கு மேல் இருக்கும். கெமிக்கல் போட்டு மென்மையாக்கிய, காசு கொடுத்த தண்ணீர் அது. பல மருத்துவமனைகளில் அதைப் பாய்லருக்குத் திருப்பாமல் வெளியே விடுகிறார்கள். ஆட்டோகிளேவுக்குள் நேராகப் பாயும் ஸ்டீமின் தண்ணீரைத் திருப்பி எடுக்க முடியாது. லாண்டரி ட்ரையர், இஸ்திரி உருளை, கிச்சனின் ஜாக்கெட் பாத்திரங்கள் இவற்றிலிருந்து தாராளமாக எடுக்கலாம். பாய்லர் தொட்டியின் தண்ணீர் 6 டிகிரி சூடாக ஏறும் ஒவ்வொரு தடவையும் எரிபொருள் ஒரு சதவீதம் குறையும். முப்பது டிகிரித் தொட்டி எழுபத்தைந்துக்கு வந்தால் ஏழு சதவீதத்துக்கு மேல். செலவு ஒரு பம்ப், கொஞ்சம் குழாய், அதைச் சுற்றிப் போர்த்த இன்சுலேஷன். அப்படியே ஸ்டீம் ட்ராப்களின் சத்தத்தையும் கேட்டுப் பாருங்கள். நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் அது செத்துப் பல நாளாகிறது. நல்ல ட்ராப் பெரும்பாலும் விட்டு விட்டுத்தான் பேசும்.

அடுத்தது வெந்நீர். அதைப் பாய்லரிலிருந்து பிரித்துவிடுங்கள். 60 டிகிரி தண்ணீர் வேண்டும் என்பதற்காக 170 டிகிரி ஸ்டீம் தயாரித்து, அதைத் தண்ணீரில் கலந்து சூட்டை இறக்குவது எந்த விதத்திலும் நியாயமில்லை. இங்கே ஹீட் பம்ப் போடலாம். அதிலும் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் சாதாரண வகை வேண்டாம். சில்லருக்குத் திரும்பி வரும் குளிர்நீர்க் குழாயிலிருந்து வெப்பம் எடுக்கும் தண்ணீர் வகையைக் கேளுங்கள். ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் 3 யூனிட் வெந்நீர் ஒரு பக்கம். அந்த மூன்றில் இரண்டைக் குளிர்நீரிலிருந்து உறிஞ்சுவதால் 2 யூனிட் குளிர் மறுபக்கம். ஆண்டு முழுக்க ஏ.சி.யும் வெந்நீரும் ஒரே நேரத்தில் ஓடும் உங்கள் கட்டடத்துக்கு இது அளவெடுத்துத் தைத்தது. ஒரே செலவில் இரண்டு பலன் என்று அந்த எஞ்சின் வாக்குக் கொடுத்தது. இந்தச் சின்ன மெஷின் அதைச் செய்தும் காட்டும்.

ரூபாயில் பாருங்கள். வார்டு வெந்நீரின் 770 யூனிட்டுக்கு இப்போது 96 லிட்டர் டீசல் போகிறது. தினம் எட்டாயிரத்து எண்ணூறு ரூபாய். ஹீட் பம்ப்பில் 257 யூனிட் கரண்ட்; இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். உபரியாகக் கிடைக்கும் குளிரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தொட்டியை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 45, 50இல் வைத்தால் லெஜியோனெல்லா கிருமி குடியேறும்; நோயாளிகள் குளிக்கும் தண்ணீரில் அந்த விளையாட்டு வேண்டாம். மொட்டை மாடி காலியாக இருந்தால் சோலார் வாட்டர் ஹீட்டரும் யோசிக்கலாம். ஆனால் 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் தகடு என்ற கணக்கில் உங்களுக்கு 400 சதுர மீட்டர் வேண்டும். மாடியில் கூலிங் டவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக அவ்வளவு இடம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

மிச்சம் இருக்கும் 1,230 யூனிட் ஸ்டீமுக்குப் பர்னரை மாற்றி எரிவாயு கொடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் 23,000 ரூபாய் டீசல் செலவு பதினொன்றரை ஆயிரம் அளவுக்கு வந்துவிடும். மிச்சம் தினம் பதினொன்றரை ஆயிரம், வருடத்துக்கு நாற்பது லட்சத்துக்கு மேல். இதற்கான முதலீடு ஆறு கோடியில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. ஈ.பி.யோடு இணையாக எஞ்சின் ஓட்ட அனுமதி, மின் ஆய்வாளர் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு என்று அலைய வேண்டிய வேலையும் இல்லை.

இதற்குப் பிறகும் எம்.டி.க்கு எஞ்சின் மேல் ஆசை இருந்தால், அளவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் வெந்நீர்த் தேவைக்குப் பொருந்தும் எஞ்சின் 40 கிலோவாட், மிஞ்சினால் 50. ஆயிரம் அல்ல. அந்த அளவில் வெப்பம் ஒரு துளி வீணாகாது. நாளைக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் முழு லோடில் ஓடும். இன்றைய எரிவாயு விலையில் அதுவும் ஹீட் பம்ப்பிடம் தோற்கும், ஆனால் நஷ்டம் தாங்கும் அளவில் இருக்கும்.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு மாதம் அளந்துவிடுங்கள். வெந்நீர்க் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர், உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் ஒரு தெர்மாமீட்டர். ஆயிரம் லிட்டர் ஒரு டிகிரி ஏறினால் 1.16 யூனிட்; பெருக்கினால் முடிந்தது. அதை மணிக்கு மணி எழுதச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் பையன் ஏதோ ஓர் எண்ணை எழுதி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாய்லர் எண்ணெயும் சில்லர் கரண்ட்டும் அதே தாளில் வரட்டும்.

அந்தத் தாளைக் கம்பெனிக்காரரிடம் கொடுத்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்த மணிகளில் உங்கள் எஞ்சினின் வெப்பம் எங்கே போகிறது, டீசலை விட்டுவிட்டு எரிவாயு பாய்லரோடும் ஹீட் பம்ப்போடும் ஒப்பிட்டால் லாபம் எவ்வளவு, அந்த லாபம் வராவிட்டால் வித்தியாசத்தை நீங்கள் கட்டுவீர்களா. எழுத்தில் பதில் வரும்வரை எம்.டி.யை முன்பணம் கொடுக்கவிடாதீர்கள்.